கமென்டரி டிராக்குகளைத் திருப்பிக் கொடுங்கள்: ஸ்டுடியோக்களுக்கும் ஸ்ட்ரீமிங் நிறுவனங்களுக்கும் ஒரு திறந்த மடல்

திரைப்பட உரிமைகளை வைத்திருக்கும் ஸ்டுடியோக்களின் நிர்வாகிகளுக்கும், அந்தப் படங்களை எங்கள் திரைக்குக் கொண்டுவரும் ஸ்ட்ரீமிங் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

உங்கள் படங்களிலிருந்து கமென்டரி டிராக்குகள் காணாமல் போய்விட்டன. பல படங்களில் முதலிலிருந்தே நீங்கள் அவற்றை வைக்கவில்லை. சில படங்களில் வைத்திருந்தீர்கள், நாங்கள் காசு கொடுத்து வாங்கிய பிறகு எடுத்துவிட்டீர்கள். சரி, பழைய டிஸ்க் வைத்திருக்கும் ரசிகர் ஒருவர் அதிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து விவாதத்தில் போட்டால், அதையும் உரிமைக் கோரிக்கை அனுப்பி நீக்குகிறீர்கள். தானும் படுக்காமல் தள்ளியும் படுக்காமல் என்பார்களே, அந்தக் கதையாக இருக்கிறது இது. இதைப் பொறுத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை என்பதால் எழுதுகிறேன்.

உங்களில் சிலரே இதைப் பயன்படுத்தியிருக்க மாட்டீர்கள் என்பதால் ஒரு விளக்கம். படம் ஓடும்போது அதன் ஒலி தணிந்து, அதன்மேல் இயக்குநரோ ஒளிப்பதிவாளரோ நடிகரோ விமர்சகரோ பேசிக்கொண்டே வருவார்கள். ஆடியோ மெனுவில் மாற்றினால் கேட்கும். அவ்வளவுதான் கமென்டரி. ஆனால் படங்களைப் பற்றி நள்ளிரவு வரை வாதாடுகிற எங்களுக்கு அதுதான் சாட்சி. பேட்டி என்றால் கேட்பவர் எதைக் கேட்கிறாரோ அதற்குத்தான் பதில் வரும். பெரும்பாலும் படம் வெளியாகும் வாரத்தில், விளம்பரத்துக்காகக் கொடுத்த பேட்டியாக இருக்கும். கமென்டரியில் கேள்வி கேட்பது படமே. ஒரு ஷாட் வந்து நிற்கும், அது போவதற்குள் அதை எடுத்தவர் ஏதாவது சொல்லியாக வேண்டும். அந்த அவசரத்தில் வரும் உண்மைகள் வேறெங்கும் வருவதில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். வெவ்வேறு ஊர்களிலிருந்து இணையத்தில் கூடிப் படம் பேசும் சிறு குழு எங்களுடையது. ஒரு துப்பறியும் படத்தைப் பற்றி வாதம் வந்தது. பெயர் வேண்டாம், நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். படத்தின் நடுவில் துப்பறிபவர் ஓர் அறையைப் பூட்டிவிட்டுப் போகிறார், ஜன்னல் மூடியிருக்கிறது. திரும்பி வரும்போது ஜன்னல் திறந்திருக்கிறது, திரைச்சீலை ஆடுகிறது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கொலையாளி உள்ளே வந்து போனதற்கான தடயம் அது, இயக்குநர் வேண்டுமென்றே வைத்தது என்று ஒரு கட்சி. தடயமும் இல்லை, மண்ணும் இல்லை, ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் பொருந்தாமல் போகும் கன்டினியூட்டி தவறு என்று இன்னொரு கட்சி. இயக்குநரே கமென்டரியில் தவறு என்று ஒப்புக்கொண்டதாக ஒருவர் சொன்னார். இல்லவே இல்லை, எடிட்டர் சொன்னது, அதுவும் வேறு காட்சியைப் பற்றி என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் பல வருஷங்களுக்கு முன்பு கேட்டவர்கள், இரண்டு பேரும் சத்தியம் செய்யாத குறை.

எனக்கு இது எளிதில் தீர வேண்டிய வழக்கு. அந்தப் படத்தை நான் டிஜிட்டலில் விலைக்கு வாங்கியிருந்தேன். வாங்கியதே கூடுதல் அம்சங்களில் கமென்டரி இருந்ததால்தான். போய்ப் பார்த்தால் அந்தப் பகுதியே இல்லை. படம் இருக்கிறது, போஸ்டர் புதிதாக மாற்றப்பட்டிருக்கிறது, ஆடியோ மெனுவில் ஏழெட்டு மொழிகளில் டப்பிங் இருக்கிறது. இயக்குநர் குரல் மட்டும் இல்லை. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். படம் உங்கள் நூலகத்தில் இருக்கிறது, கூடுதல் அம்சங்கள் முன்னறிவிப்பின்றி மாறலாம் என்ற பொருளில் பதில் வந்தது. கீழே, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று ஒரு கேள்வியும்.

கடைசியில் குழுவில் ஒருவர் பழைய டிவிடியைத் தேடி எடுத்தார். அவருடைய மடிக்கணினியில் டிஸ்க் டிரைவ் கிடையாது, இப்போது யாரிடம்தான் இருக்கிறது? யாரிடமோ கடன் வாங்கிப் போட்டு, அந்தக் காட்சிக்கான பேச்சை மட்டும் வெட்டி, விவாதத்துக்காக ஏற்றினார். கேட்டோம். இரண்டு கட்சியும் பாதி சரி, பாதி தவறு. ஜன்னல் திறந்திருந்தது தவறுதான், படப்பிடிப்பில் யாரும் கவனிக்கவில்லை என்கிறார் இயக்குநர். எடிட்டிங்கில்தான் கண்ணில் பட்டதாம். மறுபடி எடுக்கப் பணமில்லை. அப்போது எடிட்டர், திரைச்சீலை ஆடுகிற ஒரு ஷாட்டைத் தனியாக எடுத்துச் சேர்த்துவிட்டால் தவறு தடயமாகிவிடும் என்று யோசனை சொன்னாராம். சேர்த்தார்கள். தவறாகப் பிறந்து தடயமாக வளர்ந்த ஜன்னல் அது. எங்கள் இரண்டு கட்சியில் ஒருவருக்குக்கூட இப்படி ஒரு பதில் தோன்றவில்லை. அன்றைக்கு ஆரம்பித்த பேச்சுதான் அந்தக் குழுவிலேயே நடந்த மிக நல்ல பேச்சு: ஒரு படத்தில் நோக்கம் என்பது எந்த இடத்தில் தொடங்குகிறது, எழுதும்போதா, எடுக்கும்போதா, வெட்டும்போதா என்று.

மறுநாள் காலை அந்தத் துண்டு இல்லை. உரிமையாளரின் கோரிக்கையால் நீக்கப்பட்டது என்று ஒரு சாம்பல் நிறப் பெட்டி. காரணமும் எனக்குப் புரிகிறது. கமென்டரியில் பேச்சுக்கு அடியில் படத்தின் ஒலியும் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும். தானியங்கி அடையாள முறை அந்த அடி ஒலியைத்தான் பிடிக்கிறது. மேலே ஒரு மனிதர் முக்கியமான ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது அதற்குத் தெரியாது. அதற்குத் தெரியாமல் இருக்கலாம், உங்களுக்குத் தெரிய வேண்டாமா? ஏற்றியவருடைய கணக்கில் ஒரு கரும்புள்ளியும் விழுந்தது. அதன்பிறகு அவர் எதையும் ஏற்றுவதில்லை.

இது ஏதோ ஒரு மூலையில் இருக்கும் பொழுதுபோக்கு என்று நினைத்துவிட வேண்டாம். 1984இல், தேர்ந்தெடுத்த படங்களைச் சிறப்புப் பதிப்புகளாக வெளியிடும் கிரைடீரியன் நிறுவனம் 1933ஆம் ஆண்டின் 'கிங் காங்' படத்தை லேசர் டிஸ்க்கில் (டிவிடிக்கு முந்தைய பெரிய வட்டு) வெளியிட்டபோது, படத்தின் ஒலி மோனோவாக, அதாவது ஒரே தடமாக, இருந்ததால் இரண்டு ஒலித்தடங்களில் ஒன்று சும்மா கிடந்தது. அதில் ரொனால்ட் ஹேவர் என்ற திரைப்பட வரலாற்றறிஞரைப் பேச வைத்தார்கள். காலியாக இருந்த ஒரு தடத்தில் தொடங்கியதுதான் இத்தனையும். டிவிடி வந்தபோது ஒரே படத்துக்கு எட்டு ஒலித்தடங்கள் வரை வைக்க இடம் கிடைத்தது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நீண்ட பதிப்புகளில் ஒவ்வொரு படத்துக்கும் நான்கு கமென்டரி: இயக்குநரும் எழுத்தாளர்களும் ஒன்றில், வடிவமைப்பாளர்கள் ஒன்றில், தயாரிப்பு மற்றும் பிந்தைய பணிக் குழுவினர் ஒன்றில், நடிகர்கள் ஒன்றில். ஒரு கதாபாத்திரத்தின் கேடயத்தில் இருக்கும் சித்திர வேலைக்கு யார் உழைத்தார்கள் என்பது வரை பேச இடம் இருந்தது. திரைப்படக் கல்லூரிப் பக்கமே போகாத எத்தனையோ பேர் சினிமா படித்தது இந்த டிஸ்க்குகளில்தான். லென்ஸ், பிளாக்கிங் (நடிகர்கள் எங்கே நின்று எப்படி நகர வேண்டும் என்ற திட்டம்), ஏடிஆர் (படப்பிடிப்புக்குப் பின் வசனத்தை மறுபடி பதிவு செய்வது) என்றெல்லாம் ரசிகர்கள் இன்று சர்வசாதாரணமாகப் பேசுவதற்கு அடித்தளம் அங்கே போடப்பட்டது. அந்த வகுப்பை நடத்தியவர்கள் நீங்கள்தான். சொல்லாமல் கொள்ளாமல் மூடியதும் நீங்கள்தான்.

எனக்குப் பிடித்த கமென்டரி எது என்று கேட்டால் யோசிக்காமல் 'தி லைமி' என்பேன். 1999இல் வந்த படம். இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்க்கும் திரைக்கதை எழுதிய லெம் டாப்ஸும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள், இல்லை, சண்டை போடுகிறார்கள். நான் எழுதிய பின்னணியை எல்லாம் வெட்டிவிட்டீர்கள், பாத்திரங்கள் மெலிந்துபோய்விட்டன என்று எழுத்தாளர் முகத்துக்கு நேராகக் குறை சொல்கிறார். இயக்குநர் மழுப்பாமல் பதில் சொல்கிறார். படத்தை எடுத்தவர்களுக்குள்ளேயே படத்தைப் பற்றி ஒத்த கருத்து இல்லை என்பதை ஸ்டுடியோவே பதிவு செய்து, டிஸ்க்கில் அச்சடித்து விற்றது என்பதை இன்றைக்கு நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. மரியாதை குறையாமல் எப்படி முரண்படுவது என்று ரசிகர்களுக்கு யாராவது பாடம் எடுக்க வேண்டுமென்றால் அந்த ஒன்றரை மணி நேரத்தைப் போட்டுக் காட்டலாம். இணையத்தில் ரசிகர்கள் சண்டை போடுகிறார்கள், நாகரிகம் இல்லை என்று நீங்கள் அடிக்கடி அலுத்துக்கொள்கிறீர்கள். நாகரிகமான சண்டைக்கு இருந்த நல்ல உதாரணத்தை அலமாரியில் வைத்துப் பூட்டியது யார்?

முழு டிராக் கிடைக்காத இடத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு 'ஆர்மகெடன்' நல்ல சாட்சி. பூமியை நோக்கி வரும் விண்கல்லைத் துளையிட்டுத் தகர்க்க எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்களை விண்வெளிக்கு அனுப்பும் கதை அது. எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களுக்கு விண்வெளிப் பயிற்சி கொடுப்பதைவிட, விண்வெளி வீரர்களுக்குத் துளையிடக் கற்றுக்கொடுப்பது சுலபம் இல்லையா என்று இயக்குநர் மைக்கேல் பேயிடம் கேட்டதாகவும், அவர் வாயை மூடச் சொன்னதாகவும் அதில் நடித்த பென் அஃப்லெக் கமென்டரியில் சொல்லும் துண்டு இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. சிரிக்காமல் கேட்க முடியாது, நானும் பலமுறை சிரித்திருக்கிறேன். ஆனால் அதைப் பகிர்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்தத் துண்டு மட்டும்தான் தெரியும். பேயும் தயாரிப்பாளர் ஜெர்ரி பிரக்ஹைமரும் நடிகர் புரூஸ் வில்லிஸும் அதே டிராக்கில் பேசுகிறார்கள். அதே பதிப்பில் இன்னொரு கமென்டரியும் உண்டு: ஒளிப்பதிவாளர் ஜான் ஷ்வார்ட்ஸ்மனோடு, படத்துக்கு ஆலோசகராக இருந்த ஜோ ஆலன் பேசுகிறார். அவர் விண்வெளிக்குப் போய்வந்தவர். அஃப்லெக் எழுப்பிய கேள்வியைச் சுற்றி நிஜமான விவாதம் நடத்த அந்த மனிதரின் பேச்சை அல்லவா பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும்? அது கைக்குக் கிடைப்பதில்லை. அதனால் நகைச்சுவைத் துண்டே தீர்ப்பாகிவிடுகிறது. நடிகரே தன் படத்தைக் கிழித்தார் என்று தலைப்புப் போட்டு ஒவ்வொரு வருஷமும் யாராவது புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள். முழுசும் கிடைத்தால் நாலு பேராவது கேட்டுவிட்டு வந்து மீதியைச் சொல்வார்கள்.

உங்கள் தரப்பில் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். தனிப்பட்ட முறையிலும் பொதுவெளியிலும் கேட்டவைதான்.

இடம் போதாது என்பது முதல் பதில். டிவிடியில் வழக்கமாக இருந்த, விநாடிக்கு 192 கிலோபிட் என்ற அளவில் வைத்தாலும் இரண்டு மணி நேரப் பேச்சு 175 எம்பிகூட வராது. நீங்களோ ஒரே படத்துக்கு ஒரு டஜன் மொழி டப்பிங் வைக்கிறீர்கள். பார்வையற்றவர்களுக்காகக் காட்சியை விவரிக்கும் ஒலித்தடத்தையும் வைக்கிறீர்கள், அதை மனதார வரவேற்கிறேன். அதே மெனுவில் இன்னும் ஒரு வரி சேர்த்தால் போதும்.

யாரும் கேட்பதில்லை என்பது அடுத்தது. எங்கே இருக்கிறது என்று சொல்லாமல் ஒளித்து வைத்ததை யார் கேட்பார்கள்? கிரைடீரியனின் ஸ்ட்ரீமிங் சேவையான கிரைடீரியன் சேனல் 2019இல் தொடங்கியபோதே படங்களோடு கமென்டரியையும் கொண்டுவந்தது. சிறிய சேவை ஒன்றுக்கு முடிந்தது பெரியவர்களுக்கு முடியவில்லை என்றால் நம்பும்படியாக இல்லை.

உரிமைச் சிக்கல் என்பது மூன்றாவது. இதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. பல கமென்டரிகள் டிஸ்க் விற்பனைக்காக மட்டும் ஒப்பந்தம் போட்டுப் பதிவானவை. டிஸ்க் போட்ட நிறுவனம் ஒன்று, இன்று ஸ்ட்ரீமிங் உரிமை வைத்திருக்கும் நிறுவனம் வேறு. கமென்டரி யாருடைய சொத்து என்பதே தெளிவில்லாத படங்களும் இருக்கும். ஆனால் தெளிவில்லை என்பது தேடிப் பார்த்தபின் சொல்ல வேண்டிய பதில். தேடாமலே சொல்கிறீர்கள் என்பதுதான் என் புகார். பாட்டின் உரிமை சிக்கலாக இருந்தால் பழைய படத்தை வெளியிட வழக்கறிஞர்களை வைத்து மாதக்கணக்கில் பேசுகிறீர்கள், அந்த அக்கறையில் கால்வாசி போதும்.

வெளியே சொல்லாத நான்காவது காரணமும் ஒன்று உண்டு என்று சந்தேகிக்கிறேன்: பேசியவர்கள் எதையாவது சொல்லித் தொலைத்திருப்பார்களோ என்ற பயம். 1991இல் ஜேம்ஸ் பாண்ட் வரிசையின் முதல் மூன்று படங்களுக்கு கிரைடீரியன் லேசர் டிஸ்க்கில் கமென்டரி வந்தது. பாண்ட் படங்களின் தயாரிப்புத் தரப்புக்கு அதில் இருந்த பேச்சு பிடிக்காததால் அந்த டிஸ்க்குகள் திரும்பப் பெறப்பட்டன. விளைவு? ரசிகர்கள் அதைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள், தடை செய்யப்பட்ட கமென்டரி என்றே பெயர் நிலைத்துவிட்டது. சும்மா விட்டிருந்தால் வாங்கிய சிலர் கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

அப்புறம், நான் எல்லாக் கமென்டரிகளுக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை. பாதிக்கு மேல் அலுப்பூட்டுபவை. இவர் அற்புதமான மனிதர், அவரோடு வேலை செய்தது பாக்கியம் என்று இரண்டு மணி நேரம் மாறி மாறிப் பாராட்டிக்கொள்வார்கள். இப்போது அவர் கதவைத் திறக்கிறார் என்று திரையில் தெரிவதையே சொல்வார்கள். சிலர் பாதிப் படத்துக்கு வாயே திறக்க மாட்டார்கள், தங்கள் படத்தையே மெய்மறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள் (அதிலும் ஓர் அழகு உண்டு என்பது வேறு விஷயம்). படமே பேசட்டும் என்று கமென்டரி பேச மறுத்தவர்களும் இருக்கிறார்கள். இயக்குநர்களில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் பேசுவதில்லை, டேவிட் லிஞ்ச் பேசியதில்லை. அது அவர்கள் உரிமை, புதிதாக யாரையும் வற்புறுத்திப் பேச வைக்கச் சொல்லவில்லை. ஏற்கெனவே விரும்பிப் பேசியவர்களின் பேச்சை மறைக்காதீர்கள் என்கிறேன்.

பேசியவர்கள் எல்லோரும் இனியும் நம்மோடு இருக்கப்போவதில்லை. 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' படத்தின் 1999 டிவிடியில் இயக்குநர் ஐவன் ரைட்மனும், அதை எழுதி நடித்த ஹரோல்ட் ராமிஸும், தயாரிப்பில் இருந்த ஜோ மெட்ஜக்கும் சேர்ந்து பேசினார்கள். அவர்களுடைய நிழலுருவங்கள் திரையின் அடியில், திரையரங்கில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களைப் போலத் தெரியும். ராமிஸ் 2014இலும் ரைட்மன் 2022இலும் காலமானார்கள். விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 'சிட்டிசன் கேன்' படத்துக்குப் பேசிய கமென்டரி ஷாட் ஷாட்டாகப் படம் பார்க்கக் கற்றுக்கொடுக்கும். அவர் 2013இல் காலமானார். இவர்களை மறுபடி அழைத்து மைக் முன்னால் உட்கார வைக்க முடியாது. டிஸ்க் விற்பனையோ சுருங்கிக்கொண்டே வருகிறது. 1998இலிருந்து தபாலில் டிஸ்க் அனுப்பிவந்த நெட்ஃபிளிக்ஸ் 2023 செப்டம்பரோடு அந்தச் சேவையை நிறுத்திவிட்டது. வீட்டில் இருக்கும் டிஸ்க்குகளுக்கும் ஆயுள் நிரந்தரம் இல்லை. ஸ்ட்ரீமிங்கில் ஏறாத கமென்டரி நடைமுறையில் இல்லாத கமென்டரிதான்.

நீங்கள் தராததால் ரசிகர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்று கொஞ்சம் சொல்கிறேன், அலுவலக அறிக்கைகளில் இது வராது. பழைய டிஸ்க்கிலிருந்து கமென்டரியைத் தனியே எடுத்து, படத்தை ஸ்ட்ரீமிங்கில் ஓடவிட்டு, இரண்டையும் சேர்த்துக் கேட்பது எங்கள் வழக்கம். ஸ்டுடியோ லோகோ மறைந்து கறுப்பாகும் நொடியில் பிளே அழுத்த வேண்டும். லோகோவை நீங்கள் புதிதாக மாற்றியிருந்தால் அதிலேயே சில விநாடி தவறிவிடும். டிஸ்க் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் வந்ததாக இருந்தால் இன்னும் வேடிக்கை. விநாடிக்கு 24 பிரேம் படம் அதில் 25ஆக ஓடும், இரண்டு மணி நேரப் படம் ஏறக்குறைய ஐந்து நிமிஷம் முன்னதாகவே முடிந்துவிடும். அதனால் இயக்குநர் இதோ பாருங்கள் இந்த முகத்தை என்பார், திரையில் இன்னும் முந்தின காட்சியின் கார் போய்க்கொண்டிருக்கும். போகப் போக இடைவெளி கூடிக்கொண்டே வரும். ஆடியோ மென்பொருளில் போட்டு வேகத்தை நான்கு சதவீதம் குறைத்தால்தான் ஒத்து வரும். இத்தனையும் செய்து முடித்தால் ஸ்ட்ரீமிங்கில் இருப்பது வேறு விதமாக வெட்டித் தொகுத்த பதிப்பு என்று தெரியவரும், நடுவில் ஒரு காட்சி கூடுதலாக இருக்கும். அங்கே நிறுத்தி, அது முடிந்ததும் மறுபடி தொடங்க வேண்டும். இவ்வளவையும் செய்து ஒரு படத்தைக் கேட்கிறவர்களைத்தான் யாரும் கேட்பதில்லை என்று கணக்கில் எழுதுகிறீர்கள்.

எங்கள் குழுவில் செவித்திறன் இல்லாத நண்பர் ஒருவர் இருக்கிறார். படத்துக்கு வசன எழுத்து (சப்டைட்டில்) உண்டு, கமென்டரிக்குப் பெரும்பாலும் கிடையாது. அதனால் முறை போட்டுக்கொண்டு கேட்டு எழுதித் தருகிறோம். மூன்று பேர் ஒன்றாகப் பேசும் இடத்தில் யார் குரல் எது என்று கண்டுபிடிக்கவே பத்துத் தடவை பின்னால் ஓட்ட வேண்டியிருக்கும். ஆங்கிலம் வேகமாகப் பேசினால் பின்தொடர முடியாத மற்றவர்களும் அந்த எழுத்துப் பிரதியைத்தான் படிக்கிறார்கள். சில டிஸ்க்குகளில் கமென்டரிக்கும் நீங்களே வசன எழுத்து போட்டிருந்தீர்கள். இப்போது அதுவும் போய்விட்டது.

வழி இல்லாமல் இல்லை. இயக்குநர் ரியான் ஜான்சன் தன்னுடைய 'தி பிரதர்ஸ் புளூம்', 'லூப்பர்', 'நைவ்ஸ் அவுட்' ஆகிய படங்கள் திரையரங்கில் ஓடும்போதே கமென்டரியைத் தனி ஒலிக்கோப்பாக வெளியிட்டார். இரண்டாம் முறை பார்க்க வருகிறவர்கள் காதில் மாட்டிக்கொண்டு கேட்டார்கள். ஒரு டிக்கெட் அதிகம் விற்றது என்பதையும் கவனியுங்கள். 2006இலிருந்து ரிஃப்ட்ராக்ஸ் குழுவினர், படத்தைத் தொடாமல், அதோடு சேர்த்துக் கேட்கும் கேலிப் பேச்சுக் கோப்புகளை விற்று வந்திருக்கிறார்கள். ரசிகர்களே தங்கள் கமென்டரியைப் பதிவு செய்து பகிரலாமே என்று ஈபர்ட் 2002இலேயே எழுதினார். தொழில்நுட்பம் எல்லாம் எப்போதோ தயார். தயாராகாதது உங்கள் மனசுதான்.

எனவே கேட்பவை இவை.

உங்கள் கையில் முழு உரிமையுள்ள கமென்டரிகளை முதலில் ஆடியோ மெனுவில் ஏற்றுங்கள். தனிப் பக்கம், தனிச் செயலி, கூடுதல் சந்தா எதுவும் வேண்டாம். டப்பிங் மொழிகளுக்குக் கீழே ஒரு வரி போதும். தேடலிலும் கமென்டரி உள்ள படங்கள் என்று ஒரு வடிகட்டி வையுங்கள்.

கூடுதல் அம்சங்களோடு விற்ற டிஜிட்டல் படங்களிலிருந்து எடுத்தவற்றைத் திருப்பி வையுங்கள். முடியாது என்றால் வாங்கியவர்களுக்கு எழுத்தில் காரணம் சொல்லிப் பணத்தின் ஒரு பகுதியைத் திருப்பித் தாருங்கள். முன்னறிவிப்பின்றி மாறலாம் என்று விதிமுறையின் அடியில் எழுதி வைத்துவிட்டால் கடமை முடிந்துவிடாது.

ஸ்ட்ரீமிங்கில் சேர்க்க ஒப்பந்தம் இடம் தராத கமென்டரிகளைத் தனி ஒலிக்கோப்பாகவாவது வெளியிடுங்கள். படத்தின் ஒலி அடியில் இல்லாமல் பேச்சு மட்டும் இருந்தால் போதும். எந்தப் பதிப்போடு ஓடும், எந்த நொடியில் தொடங்க வேண்டும் என்ற குறிப்பு அவசியம். விலை வைத்தாலும் சரி, வாங்குவோம்.

விவாதத்துக்காகவும் விளக்கத்துக்காகவும் கமென்டரியிலிருந்து எடுக்கும் சிறு துண்டுகளைத் தானியங்கி நீக்கத்திலிருந்து விலக்குங்கள். குறைந்தபட்சம், கணக்கில் கரும்புள்ளி விழுவதற்கு முன்னால் ஒரு மனிதர் அதைக் கேட்டுப் பார்க்கட்டும். முழுப் படத்தைத் திருடி ஏற்றுகிறவரையும் அதைப் பற்றிப் பேசுகிறவரையும் பிரித்தறிய ஒரு நிமிஷம் கேட்டாலே போதும்.

ஏற்றும் கமென்டரிகளுக்கு வசன எழுத்தும் வையுங்கள். ரசிகர்கள் எழுதி வைத்திருக்கும் பிரதிகள் ஏராளமாக இருக்கின்றன, கேட்டால் தருவோம்.

கடைசியாக, ஒவ்வொரு ஸ்டுடியோவும் எந்தெந்தப் படத்துக்கு எந்த ஆண்டு யார் பேசிய கமென்டரி தன் காப்பகத்தில் இருக்கிறது, அது என்ன நிலையில் இருக்கிறது என்ற பட்டியலைப் பொதுவில் வெளியிட வேண்டும். இதற்கு எந்த ஒப்பந்தமும் குறுக்கே நிற்காது. உங்கள் கருத்துக்கு நன்றி என்று தொடங்கும் அச்சடித்த பதில் எனக்கு வேண்டாம். பட்டியல் என்று வெளிவரும் என்ற தேதியோடு பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கமென்டரி கேட்டுப் படம் பார்க்கக் கற்றுக்கொண்ட ஒரு ரசிகன்